கட்டியது முதல் அவிழ்ப்பது வரை

என் அண்ணிக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது நிறுத்தத்தில் முகம் வெளுக்கும். ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு வருடங்களாகக் கண்ணுக்கெட்டாத ஊர்களுக்கெல்லாம் உயிருள்ள மீன்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் அலங்கார மீன் ஏற்றுமதிக் கூடம் இருக்கிறது. அண்ணி அங்கே தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது பேக்கிங் அறையின் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அண்ணன் அதே கூடத்தில் வேன் ஓட்டுகிறான். கட்டிய பெட்டிகளை விமான நிலையத்தில் கார்கோ வாசலில் இறக்கிவிட்டு வருவது அவன் வேலை.

"டிரைவரைக் கட்டிக்கிட்டு வண்டியில ஏறாத பொம்பளை உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பான் அண்ணன்.

"நீங்க ஓட்டுறதைப் பார்த்துட்டுத்தான் ஏறல" என்பார் அண்ணி.

அவர் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஒரு பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விடுவார்கள். அதில் மீனை விட்டு, மிச்ச இடத்தில் சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் நிரப்பி, பையின் கழுத்தை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு இறுக்குவார்கள். அதற்குப் பிறகு அந்த மீனுக்கு உலகமே அந்தப் பைதான். வழியில் தீனி கிடையாது, புதுத் தண்ணீர் கிடையாது. உள்ளே அடைத்த காற்றுதான் அதற்குக் கட்டுச்சோறு. பயணம் குறைவென்றால் ஒரு பையில் அறுபது மீன் போடலாம். நீண்ட பயணம் என்றால் முப்பதுதான் போடலாம். அதிகமாகப் போட்டால் பாதி வழியிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். குறைவாகப் போட்டால் பெட்டிகள் பெருகி விமானத்தில் இடம் கிடைக்காது. ஆகவே எல்லாமே ஒரே ஓர் எண்ணில் நிற்கிறது: எத்தனை மணி நேரம்?

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். விமான நிறுவனம் ஒரு நேரம் சொல்லும், வாங்குபவர் ஒன்று சொல்வார், கணினி வேறொன்று சொல்லும். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் தன் கேள்வியைப் போடுவார்: "அதெல்லாம் இருக்கட்டும். இங்க பையைக் கட்டினதுலேர்ந்து அங்க அவுக்குற வரைக்கும் எத்தனை மணி?"

வீட்டிலும் இதே அளவுதான். சித்தப்பா ஒருமுறை, "நம்ம வீடு ஒரு மணி நேரம்தாம்மா, வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். அண்ணி சிரிக்காமல், "கதவைப் பூட்டினதுலேர்ந்து உங்க வீட்டுல தண்ணி குடிக்கிற வரைக்குமா மாமா, இல்ல பஸ் ஓடுற நேரம் மட்டுமா?" என்று கேட்டார். சித்தப்பா யோசித்துவிட்டு, "அப்படிப் பார்த்தா ரெண்டே கால்" என்றார்.

அண்ணியிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்தச் சரக்கு போனாலும் கூடவே மூன்று பைகள் அதிகமாகக் கட்டுவார். அதே மீன், அதே எண்ணிக்கை, அதே தண்ணீர், அதே காற்று. அந்த மூன்றையும் ஒரு தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து மூடி, பேக்கிங் மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். அவற்றுக்குச் சாட்சிப் பை என்று பெயர். தொலைதூர ஊரில் வாங்கியவர் பெட்டியைத் திறக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் இவர் இங்கே அவற்றைத் திறப்பார். போன மீன் என்ன பாடு பட்டிருக்கும் என்று அப்போது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை இது, அவரே கண்டுபிடித்தது. "மேசைக்கு அடியில கிடந்தே உலகத்தைச் சுத்தி வந்துடுதுங்க. கொடுத்து வெச்ச மீனுங்க" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

போன மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. இதுவரை எங்கள் கூடத்தில் வாங்காத ஒரு கடைக்காரர், மிகத் தொலைவான ஒரு நகரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு ஏஞ்சல் மீன் கேட்டிருந்தார். நல்லபடியாக வந்து சேர்ந்தால் மாதா மாதம் எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

ஆர்டர் எழுதுபவரைக் கூடத்தில் எல்லோரும் கிலோமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஊர்ப் பேரைச் சொன்னாலும் கணினியில் தட்டி, இங்கிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நல்ல மனிதர். கொஞ்சம் அவசரக்காரர்.

அன்றைக்கும் பேக்கிங் அறை வாசலில் நின்று அறிவித்திருக்கிறார். "அக்கா, ஒன்பதாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பறக்குற நேரம் பதினொன்றரை மணி."

"நேரா போற விமானம் இருக்கா தம்பி?"

"நேரா இல்ல. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறணும்."

"அப்போ அந்தப் பதினொன்றரை யாருக்கு? காக்காய்க்கா?"

கிலோமீட்டர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அதுக்கும் கணக்குப் போட்டுட்டேன் அக்கா. இங்க சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்புது. மறுநாள் காலையில ஒன்பதரை மணிக்கு அங்க இறங்குது. பதினாலரை மணி நேரம். பைக்கு அறுபது, பெட்டிக்கு ரெண்டு பை, மொத்தம் பத்துப் பெட்டி. கார்கோல இடமும் போட்டாச்சு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். "ஒன்பதரைன்னா, யாரோட ஒன்பதரை?"

"அந்த ஊரு ஒன்பதரை."

"அங்க ஒன்பதரை அடிக்கும்போது நம்ம சுவர்க் கடிகாரத்துல எத்தனை?"

கிலோமீட்டர் உள்ளே போய்க் கணினியில் தட்டிவிட்டு, நடை தளர்ந்து திரும்பி வந்தார். "மதியம் மூணு."

"ஏழுலேர்ந்து மறுநாள் மூணு வரைக்கும்?"

"இருபது." அவர் தலையைச் சொறிந்தார். "அஞ்சரை மணி நேரத்தை எங்கயோ தொலைச்சிருக்கேன்."

"நீங்க தொலைச்சதை மீன் தானே மூச்சு விட்டு நிரப்பணும்? சரி, காலையில பத்து மணிக்குக் கட்டினா விமானம் கிளம்ப ஒன்பது மணி நேரம். அங்க இறங்கினப்புறம் சோதனை, டாக்டர் கையெழுத்து, வண்டி எல்லாம் சேர்த்து அஞ்சு. மொத்தம் எவ்வளவு?"

"முப்பத்தி நாலு" என்றார் கிலோமீட்டர். "பத்துப் பெட்டி பத்தாது."

"இருபது வேணும்."

முதலாளியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வாங்குபவரிடம் பத்துப் பெட்டி என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இன்னும் பத்துப் பெட்டிக்கு விமானத்தில் இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டும். "ஏம்மா, ஒரு நாப்பது போட்டுப் பார்க்கலாமே. எல்லாத்துலயும் நீ சொல்றதுதான் சட்டமா?" என்று கேட்டாராம். அண்ணி முப்பதுக்கு மேல் ஒன்றுகூடப் போடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார்.

"இருபது பெட்டியில போட்டும் மீன் செத்துப் போச்சுன்னா?"

"அப்போ இந்த அறைச் சாவியை வாங்கிக்கங்கம்மா. நான் மறுபடியும் தொட்டி கழுவப் போயிடறேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டான். "வாய் சும்மா இருக்காதா உனக்கு? சாவியை எதுக்குப் பணயம் வெச்ச? பன்னெண்டு வருஷ உழைப்பு அது."

"பின்ன எதை வைக்கிறது? உங்க வேனையா?"

செவ்வாய்க்கிழமை காலை நான் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஈரத் தரை, நீண்ட மேசை, சுவரோரம் நிற்கும் சிலிண்டர், வழியில் கழிவு குறையட்டும் என்று இரண்டு நாள் தீனி நிறுத்திய தொட்டிகள். ஏஞ்சல் மீன் முக்கோணமாக, கையகலக் காற்றாடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவை கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தன. அண்ணி வலையில் அள்ளும்போதே எண்ணி முடித்துவிடுவார். பையைக் கட்டியதும் தலைகீழாகத் திருப்பி, கழுத்தில் காதை வைத்துக் கேட்பார். காற்று கசிந்தால் மெல்லிய சீழ்க்கை கேட்குமாம். பிறகு நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார். சத்தம் மந்தமாக இருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். யாராவது அவசரப்படுத்தினால், "அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை நுழையாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். அப்படி நாற்பது பைகள். கடைசியில் சாட்சிப் பைகள் மூன்று.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். முப்பத்து நான்கு மணி நேரப் பயணத்துக்கு அண்ணி முப்பத்து நான்கு மணி நேரக் காற்று அடைப்பதில்லை. வழியில் எதுவும் நடக்கலாம் என்று மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வார். அந்தக் கணக்கில் அந்தப் பைகள் நாற்பத்தைந்து மணி நேரம் தாங்கும்.

புதன்கிழமை காலை அண்ணி சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அம்மா கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு நான் போனபோது அலுவலக அறையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. முதலாளியம்மா நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிலோமீட்டர் சுவரோடு ஒட்டி நின்றார். நடு ஊரில் மாற வேண்டிய இரண்டாவது விமானம் கோளாறாகி நின்றுவிட்டது. அடுத்த விமானம் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. பெட்டிகள் இருபதும் அந்த விமான நிலையத்துக் கிடங்கில் இருந்தன.

"முப்பத்தி நாலும் பன்னெண்டும் நாப்பத்தி ஆறு" என்றார் கிலோமீட்டர் மெல்ல.

நாற்பத்தைந்து மணி நேரக் காற்று. நாற்பத்தாறு மணி நேரப் பயணம்.

கிடங்குக்காரர்கள் நல்ல மனதோடு ஒரு யோசனை அனுப்பியிருந்தார்கள். அவர்களிடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதாம். நாங்கள் சரி என்றால் ஒவ்வொரு பையையும் திறந்து, புதிதாக நிரப்பிக் கட்டிவிடுவார்களாம். மதியம் பன்னிரண்டரைக்குள் பதில் வேண்டும். முதலாளியம்மா "சரி, திறங்கள்" என்று தட்டி வைத்திருந்தார். அனுப்புவதுதான் பாக்கி.

"அம்மா, அனுப்பாதீங்க" என்றார் அண்ணி.

"ஏம்மா? காத்து பத்தாதுன்னு நீதானே சொல்ற? அவங்களே தர்றேங்குறாங்க. கசக்குதா?"

"எனக்கு ஒரு பயம் இருக்கு. ஆனா நிச்சயமாத் தெரியல. பன்னெண்டு மணி வரைக்கும் டயம் குடுங்க."

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அண்ணன் எனக்குப் பிறகு சொன்னான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், விமானம் ரத்தாகி ஒரு சரக்கு திரும்பி வந்திருக்கிறது. அண்ணி இரக்கப்பட்டு எல்லாப் பைகளையும் திறந்து, புதுக் காற்று நிரப்பிக் கட்டினாராம். நன்றாக இருந்த மீன்கள் சாயங்காலத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன. யாரும் அவரைத் திட்டவில்லை. அவர்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பின்னொரு நாள் சோதனைக்கு வந்த மீன்வளத் துறை டாக்டரிடம் காரணம் கேட்டிருக்கிறார். மீன் விடும் மூச்சுக் காற்று பைத் தண்ணீரில் கரைந்து தேங்கியிருக்கும்வரை, அதன் கழிவு பெரிய விஷமாக மாறாதாம். பையைத் திறந்ததும் அந்தக் காற்று பறந்துவிடும், தேங்கிய கழிவு விஷமாகிவிடும். டாக்டர் சொன்னது புரிந்தது. ஆனால் இந்த மீனுக்கு, இந்தத் தண்ணீரில், இத்தனை மணி நேரத்தில் அப்படி ஆகுமா என்று யாரால் சொல்ல முடியும்?

அண்ணி மேசைக்கு அடியிலிருந்து சாட்சிப் பெட்டியை இழுத்தார். கட்டி இருபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று பைகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்ணூறு மீனும் அடியில் ஒன்றையொன்று ஒட்டி, செவுள் மட்டும் அசைய நின்றிருந்தன. ஒரு பையை எடுத்துக் கழுத்தை அவிழ்த்தார். கிடங்கில் என்ன செய்வார்களோ அதையே செய்தார். காற்றை வெளியேற்றினார், சிலிண்டரிலிருந்து புதிதாக நிரப்பினார், கட்டினார், சுண்டிப் பார்த்தார். மற்ற இரண்டோடு அதையும் உள்ளே வைத்துப் பெட்டியை மூடினார்.

"அந்த முப்பதும் என்ன ஆகும் அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து இருநூறுக்காக முப்பது" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

டப்பாவை நீட்டினேன். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த சரக்குக்கான பைகளை எண்ண ஆரம்பித்தார். என்னால் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர் மூன்று மணி நேரம் பை எண்ணினார். நடுவில் ஒரு தடவைகூடப் பெட்டியைத் திறக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாளியம்மாவையும் கிலோமீட்டரையும் கூப்பிட்டார். எல்லோரும் குனிந்தோம்.

திறக்காத இரண்டு பைகளில் மீன்கள் காலையில் நின்ற மாதிரியே நின்றன. திறந்து கட்டிய பையில் ஒன்பது மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. இன்னும் நான்கு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. பை நிறையக் காற்று இருந்தது. அந்தக் காற்றுக்கு நடுவில்தான் அவை தவித்தன.

"ஐயோ" என்றார் முதலாளியம்மா. அண்ணி அந்தப் பையை உடனே கிழித்து, மீன்களைச் சுத்தமான தொட்டியில் விட்டார். பாதி பிழைத்தன.

"திறக்க வேண்டாம்னு எழுதுங்க தம்பி" என்றார். "பெட்டியை ஏசி காத்து நேரா படாத இடத்துல, இருட்டுல வைக்கச் சொல்லுங்க. வாங்குறவருக்கும் எழுதுங்க, அவுத்த கையோட மீனைப் புதுத் தண்ணிக்கு மாத்திடணும். பையோட வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது."

"ஆனா காத்து ஒரு மணி நேரம் குறையுதே?" என்றார் முதலாளியம்மா.

"குறையுது. அதுக்கு நான் பொறுப்பும்மா. அந்த ஒரு மணி நேரம் மீன் தாங்கும்னு நம்புறேன். பாதி வழியில திறந்துட்டா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதை இப்போ பார்த்துட்டோம்."

முதலாளியம்மா போனில் தட்டி வைத்திருந்ததை அழித்தார். அண்ணியின் கையைப் பார்த்தேன். அது ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். எங்களுக்குக் காலை, அந்த ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரம். அந்தக் கடைக்காரர் தூங்காமல் கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சாலையில் வண்டிகள் இல்லாததால் சரக்கு கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழரைக்குப் போன் வந்தது. கிலோமீட்டர் ஒலிபெருக்கியில் போட்டார். தூக்கம் கலந்த ஒரு குரல் திறக்கிறேன் என்றது.

"நாப்பத்தஞ்சரை" என்றார் கிலோமீட்டர்.

அண்ணி அதே நேரத்தில் ஒரு சாட்சிப் பையை அவிழ்த்தார். மீன்களைத் தொட்டியில் விட்டதும் அவை அப்படியே அடிக்குப் போய்க் கிடந்தன. அண்ணன் வேன் சாவியைக் கையில் உருட்டுவதை நிறுத்தினான். ஒரு மீன் வாலை அசைத்து நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. எட்டு நிமிடத்தில் இருபத்தொன்பது நீந்தின. ஒன்று எழவில்லை.

அங்கிருந்து முழுத் தகவல் வர ஒரு மணி நேரம் ஆனது. ஆயிரத்து இருநூறில் செத்தவை இருபத்தாறு. அந்தக் கடைக்காரர், இருபது வருடத்தில் இவ்வளவு தாமதமான சரக்கு இவ்வளவு உயிரோடு வந்து தான் பார்த்ததில்லை என்று சொல்லி, அடுத்த மாதத்துக்கும் எழுதச் சொன்னார்.

முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "வயித்துல பாலை வார்த்தடிம்மா" என்றார். அவர் அண்ணியை 'டி' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன். பிறகு கிலோமீட்டர் பக்கம் திரும்பினார். "இனிமே தூரத்தை நீ எழுது. மணி நேரத்தை அவ எழுதட்டும். அவ எழுதுறதுக்கு முன்னாடி விமானத்துல இடம் போடாத."

"சந்தோஷமா எழுதச் சொல்லுங்கம்மா. எனக்கு அந்த அஞ்சரை மணி நேரம் இன்னும் கிடைக்கல" என்றார் கிலோமீட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "தம்பி, அந்த இருபத்தாறும் எந்தெந்தப் பெட்டியில செத்துச்சுன்னு கேளுங்க" என்றார்.

"விடுங்கக்கா. நூத்துக்கு ரெண்டுதான்."

"கேளுங்க."

கேட்டார்கள். பன்னிரண்டு மீன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்திருந்தன. மிச்சம் பதினான்கும் பதினேழாம் எண் பெட்டியில், ஒரே பையில்.

அந்தப் பதினேழாம் பெட்டி அண்ணிக்கு நினைவிருந்தது. பத்துப் பெட்டி இருபதானபோது புதுத் தெர்மகோல் பெட்டி ஒன்று குறைந்ததாம். முன்பு திரும்பி வந்த பழைய பெட்டிகளிலிருந்து ஒன்றை அவரே எடுத்தாராம். மூடியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. இது போதும் என்று நினைத்தாராம். அந்த விரிசல் வழியாகத்தான் குளிர் இறங்கியிருக்கிறது.

அவர் எழுந்து பின்பக்கம் போனார். நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். பழைய பெட்டிகள் அடுக்கியிருந்தன. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். நல்லதைத் தனியே வைத்தார். விரிசல் தெரிந்ததை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார்.

"வாம்மா, சாப்பிடு. நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ" என்றான் அண்ணன்.

"இன்னும் ஒன்பது பெட்டி இருக்கு" என்றார் அண்ணி. "பார்த்துட்டு வந்துடறேன். நீங்க ஆரம்பிங்க."

அண்ணன் ஆரம்பிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அடுத்த பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினான்.